எட்டாம் வகுப்பு நோட்டில் சில திருத்தங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு இது. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். ஆனால் 1991-இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் நம் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் வந்தது. எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டின் இரண்டு பக்கங்கள். வீடு மாற்றும்போது பரணில் கிடைத்ததாம். "சார், உங்க சிவப்பு மை இன்னும் அழியல" என்று எழுதியிருந்தார் அனுப்பியவர். நிறைய பேர் இதயக் குறி போட்டிருந்தீர்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். மகிழ்ச்சி கொஞ்சம் இறங்கிவிட்டது.

இடது பக்கத்தில் உணவுப் பிரமிடு. அடியில் புல், நடுவில் மான், உச்சியில் பிடரியோடு ஒரு சிங்கம். அதன் கீழே நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிய வரி: "உச்சியில் உள்ள விலங்கை எந்த விலங்கும் உண்பதில்லை." வலது பக்கத்தில் "தெரிந்துகொள்வோம்" என்று தலைப்புப் போட்டு இன்னொன்று: "சீலோஃபைசிஸ் என்னும் டைனோசர் தன் குட்டிகளையே தின்றது. அதன் வயிற்றில் குட்டிகளின் எலும்புகள் கிடைத்துள்ளன." இரண்டுக்கும் கீழே சிவப்பு மையில் சரிக்குறி, என் கையெழுத்து, தேதி.

இரண்டுமே தவறு. அன்று புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னேன் என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். மாவட்ட மைய நூலகத்தில் ஓர் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் படித்துவிட்டு, அடுத்த நாளே உங்களிடம் சொன்ன கதை அது. ஆனால் நோட்டில் கலைக்களஞ்சியத்தின் கையெழுத்து இல்லை, என் கையெழுத்துதான் இருக்கிறது. அதனால் திருத்த வேண்டியதும் நான்தான்.

முதலில் வலது பக்கத்து டைனோசரிடம் வருகிறேன்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கோஸ்ட் ராஞ்ச் என்று ஓர் இடம் இருக்கிறது. சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கடுக்கான பாறைகள் உள்ள வறண்ட நிலம். 1947-இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எட்வின் கோல்பர்ட் என்ற அறிஞரின் குழு அங்கே தோண்டியபோது, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த சீலோஃபைசிஸ் எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த, ஒல்லியான, இரண்டு காலில் ஓடிய ஊனுண்ணி அது. மூக்கிலிருந்து வால் நுனிவரை நீட்டி அளந்தாலும் பத்தடிக்குள்தான் வரும்.

அந்தக் குவியலில் இரண்டு எலும்புக்கூடுகளின் விலா எலும்புகளுக்கு நடுவே சின்னச் சின்ன எலும்புகள் தெரிந்தன. முட்டையிடும் இனத்தின் வயிற்றில் அவ்வளவு வளர்ந்த கரு இருக்க முடியாது. அப்படியானால் தின்றதுதான். எதைத் தின்றது? சுற்றிலும் கிடப்பதெல்லாம் சீலோஃபைசிஸ். எனவே தன் இனத்துக் குட்டிகளைத்தான் தின்றிருக்க வேண்டும். கோல்பர்ட் சாதாரண ஆள் இல்லை, பெரிய அறிஞர். 1989-இல் அவர் வெளியிட்ட விரிவான ஆய்விலும் இந்த முடிவு இருக்கிறது. குழந்தைகள் புத்தகம், கலைக்களஞ்சியம், தொலைக்காட்சி என்று அந்தக் கதை எல்லா இடத்துக்கும் போய், கடைசியில் என் வாய் வழியாக உங்கள் நோட்டுக்கும் வந்து சேர்ந்தது.

2006-இல் ஸ்டெர்லிங் நெஸ்பிட் என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் அதே இரண்டு எலும்புக்கூடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். புதிதாக எதையும் தோண்டவில்லை. அருங்காட்சியகத்தில் இருந்ததைத்தான் பார்த்தார்கள். ஒன்றின் வயிற்றில் இருந்த எலும்புகளின் வடிவத்தை அளந்தார்கள். எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியின் கீழ் அதன் உள்ளமைப்பையும் பார்த்தார்கள். அவை சீலோஃபைசிஸ் குட்டியின் எலும்புகள் அல்ல. முதலை வம்சத்தைச் சேர்ந்த ஒரு சின்ன விலங்கின் எலும்புகள். இன்னொரு எலும்புக்கூட்டிலோ, அந்தச் சிறிய எலும்புகள் வயிற்றுக்குள்தான் இருந்தன என்றே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு குவியலில் பல உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திக் கிடக்கும்போது, ஒன்றின் எலும்பு இன்னொன்றின் விலாவோடு சேர்ந்து தெரிவது சாதாரணம்.

பிற்காலத்தில் வேறு எலும்புகளைக் காட்டி அந்த வழக்கை மறுபடி திறந்தவர்களும் உண்டு. அது இருக்கட்டும். நான் உங்களுக்குச் சொன்ன "வயிற்றில் குட்டிகளின் எலும்புகள்" என்ற சாட்சி நிற்கவில்லை. இதில் என்னை உறுத்துவது வேறு விஷயம். பழி நாற்பது, ஐம்பது வருடமாக உலகம் முழுக்கப் போனது. அதை நீக்கிய தீர்ப்போ, ஆய்வு இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை. நானே ஓய்வு பெற்ற பிறகுதான் அதைப் படித்தேன். அதற்குள் எத்தனை வகுப்புகளுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

சரி, பக்கத்தில் கிடந்ததை வைத்து முடிவு செய்யக்கூடாது என்றால், வேறு எதை வைத்து முடிவு செய்வது? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் யார் யாரைத் தின்றார்கள் என்று எப்படிச் சொல்வது? இதற்கு நல்ல சாட்சி எலும்பில் விழுந்த கடித்தடம். ஒரு கடித்தடத்தைப் பார்க்கும் ஆய்வாளர் மூன்று கேள்வி கேட்பார். யார் கடித்தது? எப்போது கடித்தது? எதற்காகக் கடித்தது?

யார் என்பதைப் பல்லின் வடிவம் சொல்லும். பெரும்பாலான ஊனுண்ணி டைனோசர்களின் பல் கத்தி மாதிரி தட்டையாக, ஓரத்தில் ரம்பம் போன்ற நுண்பற்களோடு இருக்கும். பிரெட் வெட்டும் கத்தியை ஒரு சோப்புக் கட்டியின் மேல் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். நெருக்கமான கோடுகள் விழும் அல்லவா? அதே மாதிரிதான் எலும்பிலும் விழும். கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அந்தக் காலத்தில் அந்த ஊரில் வாழ்ந்த எந்த விலங்கின் பல்லோடு பொருந்துகிறது என்று பார்க்கலாம். முதலையின் தடம் வேறு மாதிரி இருக்கும். ஸ்டெஃபனி டிரம்ஹெல்லர் என்ற ஆய்வாளர், புளோரிடாவில் உள்ள ஒரு முதலைப் பண்ணையில் உயிரோடு இருக்கும் முதலைகளுக்கு மாட்டு எலும்பையும் பன்றி எலும்பையும் கொடுத்துக் கடிக்கவைத்து, அவற்றை வாங்கி, ஒவ்வொரு தடமாகப் பதிவு செய்தவர். கைரேகைப் பதிவேடு மாதிரி. முதலையின் வாயிலிருந்து எலும்பைத் திரும்ப வாங்குவது எப்படி என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எப்போது என்பதை எலும்பு ஆறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம். கை முறிந்து புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும், முறிந்த இடத்தில் புது எலும்பு தடித்து வளரும். செத்த உடலில் அது நடக்காது. கடிபட்ட இடத்தைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருந்தால், கடிபட்ட பிறகும் அந்த விலங்கு உயிரோடு இருந்தது. வளரவில்லை என்றால், கடிபட்டபோதே செத்தது, அல்லது செத்த பிறகு கடிபட்டது.

எதற்காக என்பதுதான் மூன்றிலும் கஷ்டமான கேள்வி. வேட்டையா, சண்டையா, செத்துக் கிடந்ததைத் தின்றதா? பல நேரம் எலும்பு இதற்குப் பதில் சொல்லாது. சொல்லாத இடத்தில் ஆய்வாளரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாத்தியாரும்தான்.

இனி இடது பக்கத்துச் சிங்கத்துக்கு, அதாவது பிரமிடின் உச்சிக்கு வருகிறேன்.

சீலோஃபைசிஸ் வாழ்ந்ததற்குக் கொஞ்சம் முன்னால், 22 முதல் 21 கோடி ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் டைனோசர்கள் ராஜாக்கள் அல்ல. அவை இன்னும் சின்னப் பிள்ளைகள்தான். தரையில் ராஜா ராவிசூக்கிட் என்ற விலங்கு. முதலை வம்சத்தின் தூரத்து உறவு. ஆனால் முதலை மாதிரி வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு போகாது. கால்கள் உடம்புக்கு நேர் கீழே தூண் போல நிற்கும். கத்தி போன்ற பற்கள். ஆற்றிலும் குளத்திலும் ராஜா ஃபைட்டோசார். பார்த்தால் முதலை என்றே சொல்வீர்கள். நீண்ட மூக்கு, தட்டை உடம்பு, தடித்த தோல். ஆனால் மூக்குத் துளை மூக்கின் நுனியில் இல்லாமல் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். நீருக்கு ஒரு ராஜா, நிலத்துக்கு ஒரு ராஜா, இருவரும் அவரவர் எல்லைக்குள் இருந்தார்கள் என்றுதான் பொதுவாக நினைத்திருந்தார்கள். நான் போட்ட பிரமிடு மாதிரி, தண்ணீரில் ஒன்று, தரையில் ஒன்று.

அருங்காட்சியகச் சேமிப்பில் இருந்த ஒரு ராவிசூக்கிட்டின் தொடை எலும்பு இந்த நினைப்பை மாற்றியது. அந்த விலங்கு உயிரோடு இருந்தபோது சுமார் 25 அடி நீளம், இடுப்பளவில் நான்கடி உயரம். அந்தக் காலத்துக்கு அது ஒரு மலை. அதன் தொடை எலும்பில் ஒரு பல் ஒடிந்து தைத்துக்கொண்டிருந்தது. சுமார் இரண்டு அங்குல ஆழத்தில். அதன்மேல் புது எலும்பு வளர்ந்து மூடியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். இது பக்கத்தில் கிடந்த பல் அல்ல. எலும்புக்குள் தைத்து, அதைச் சுற்றி உயிருள்ள உடம்பு புது எலும்பு வளர்த்திருக்கிறது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து சேர்த்தது என்றோ, மேலே இன்னொரு உடல் விழுந்து அழுந்தியது என்றோ யாரும் சொல்ல முடியாது.

பல் யாருடையது என்று பார்க்க வேண்டும் என்றால் எலும்பை உடைக்க வேண்டும். உடைக்க மனம் வருமா? அதனால் மருத்துவமனையில் நமக்கு எடுப்பது போலவே அந்த எலும்புக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே புதைந்திருந்த பல்லின் வடிவம் கணினியில் கிடைத்தது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அதற்கு ஒரு நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விலங்கின் பல்லோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது ஃபைட்டோசாரின் பல். நீரின் ராஜா நிலத்தின் ராஜாவைத் தொடையில் கடித்திருக்கிறது.

நம் ஊரில் கஜேந்திர மோட்சக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தண்ணீரில் இருக்கும்வரை முதலைக்கு யானைப் பலம் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். ஆனால் இந்த யானையைக் காப்பாற்றச் சக்கரம் வரவில்லை. அது தானே காலை உருவிக்கொண்டு தப்பியது. ஒடிந்த பல்லைத் தொடையில் வைத்துக்கொண்டே, எலும்பு வளர்ந்து மூடும் அளவுக்கு நாள் கணக்கில் நடமாடியிருக்கிறது. எப்படி நொண்டியிருக்கும், எப்படி இரை தேடியிருக்கும் என்று என் மனம் கேட்கிறது. எலும்பு சொல்லாததை நான் சொல்லப் போவதில்லை.

அதே எலும்பில் ஆறாத தடங்களும் இருந்தன. அதாவது சாகும்போதோ செத்த பிறகோ மறுபடியும் கடிபட்டிருக்கிறது. இன்னொரு ராவிசூக்கிட், முன்னதைவிடச் சிறியது, அதன் தொடை எலும்பிலும் கடித்தடங்கள் இருந்தன. இரண்டு எலும்புகளையும் சேர்த்து நான்கு தனித்தனி நிகழ்வுகளைப் படித்தெடுத்தார்கள். 2014-இல் இந்த ஆய்வு வெளியானது. எழுதியவர்கள் மூன்று பேர். முதலைகளுக்கு எலும்பு கொடுத்த டிரம்ஹெல்லர், மிஷெல் ஸ்டாக்கர், மூன்றாவது நமக்கு ஏற்கெனவே அறிமுகமான நெஸ்பிட். எட்டு வருடத்துக்கு முன் ஒரு டைனோசரைப் பழியிலிருந்து விடுவித்த அதே ஆள், இங்கே ஃபைட்டோசாரைக் கையும் களவுமாகப் பிடித்தவர்களில் ஒருவர். அப்போதும் அவர்கள் எழுதியதைக் கவனியுங்கள்: இவை வேட்டையாகவோ, பிணம் தின்றதாகவோ, சண்டையாகவோ இருக்கலாம் என்றுதான் எழுதினார்கள். யார், எப்போது என்ற கேள்விகளுக்கு உறுதியான பதில் இருந்தும், எதற்காக என்பதில் அளந்துதான் பேசினார்கள். உருவத்தில் பெரியது என்பதை மட்டும் வைத்து ஒரு விலங்கை உச்சியில் உட்காரவைக்க முடியாது என்பது அவர்கள் உறுதியாகச் சொன்ன முடிவு.

அப்படியானால் தன் இனத்தையே தின்ற டைனோசர் இல்லவே இல்லையா என்று கேட்பீர்கள். கடைசி பெஞ்சிலிருந்து யாராவது நிச்சயம் கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அதற்குச் சாட்சி வேறு தரத்தில் இருக்கிறது.

மடகாஸ்கர் தீவில், டைனோசர் காலத்தின் முடிவில், சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் மஜுங்காசாரஸ் என்ற பெரிய ஊனுண்ணி வாழ்ந்தது. குஜராத்தில் நர்மதைப் பக்கம் கிடைத்த ராஜாசாரஸ் என்ற டைனோசருக்கு நெருங்கிய உறவு. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நிலம் என்று புவியியலில் படித்திருப்பீர்கள். 2003-இல் ரேமண்ட் ராஜர்ஸ், டேவிட் கிராஸ், கிறிஸ்டினா கர்ரி ராஜர்ஸ் என்ற மூவர் மஜுங்காசாரஸின் எலும்புகளில், விலாவிலும் முதுகெலும்பிலும், கடித்தடங்களைக் காட்டினார்கள். தடங்களின் இடைவெளி மஜுங்காசாரஸின் பல் வரிசையோடு பொருந்தியது. ரம்பக் கோடுகள் அதன் பல்லின் நுண்பற்களோடு பொருந்தின. அங்கே வாழ்ந்த மற்ற ஊனுண்ணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இன்னொரு ஊனுண்ணி டைனோசர் ரொம்பச் சின்னது. முதலைகளின் பல் இந்த மாதிரித் தடம் போடாது. ஒவ்வொருவராக விடுவித்த பிறகு மிஞ்சியது மஜுங்காசாரஸ் மட்டும். அதன் பிறகுதான் குற்றம் சாட்டினார்கள். கொன்று தின்றதா, வறட்சியில் செத்துக் கிடந்ததைத் தின்றதா என்பதை அந்தத் தடங்களால் சொல்ல முடியாது.

உங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் பிடித்த டைரனோசாரஸ் ரெக்ஸும் இந்தப் பட்டியலில் உண்டு. 2010-இல் நிக் லாங்ரிச்சும் கூட்டாளிகளும் டி. ரெக்ஸின் நான்கு எலும்புகளில் பெரிய பல்லின் ஆழமான தடங்கள் இருப்பதைக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் அவ்வளவு பெரிய பல் உள்ள ஊனுண்ணி வேறு எதுவும் கிடையாது, டி. ரெக்ஸைத் தவிர. தடங்களில் சில பாத எலும்புகளில் இருந்தன. இரண்டு ராட்சதர்கள் சண்டை போடும்போது ஒருவன் குனிந்து இன்னொருவன் கால்விரலைக் கடித்துக்கொண்டிருக்க மாட்டான். நல்ல கறியெல்லாம் தீர்ந்த பிறகு, கடைசியில்தான் பாதத்துக்கு வருவார்கள். எனவே செத்துக் கிடந்ததைத் தின்றிருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள்.

சண்டைக்கும் சாட்சி உண்டு. அது முகத்தில். கனடாவில் உள்ள ராயல் டைரல் அருங்காட்சியகத்தின் கேலப் பிரவுனும் கூட்டாளிகளும் 2021-இல் டைரனோசார் குடும்பத்தின் நூற்றுக்கணக்கான மண்டை, தாடை எலும்புகளைப் பார்த்தார்கள். குட்டிகளின் முகத்தில் தழும்பு இல்லை. வளர்ந்தவற்றில் ஏறக்குறையப் பாதிக்கு முகத்தில் ஆறிய கடித் தழும்பு இருந்தது. வயதுக்கு வந்த பிறகு ஒன்றையொன்று முகத்தில் கடித்துச் சண்டை போட்டிருக்கின்றன, பிழைத்தும் இருக்கின்றன.

ஆறிய தழும்பு முகத்தில் இருந்தால் ஒரு கதை, ஆறாத தடம் பாதத்தில் இருந்தால் வேறு கதை. இரண்டையும் "கடித்தது" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் இரண்டு கதையும் கெட்டுவிடும்.

கடைசியாக ஒரு கணக்கு. கொலராடோ மாநிலத்தில் மைகாட்-மூர் என்று ஒரு தோண்டுமிடம். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அங்கே உச்சியில் இருந்தது அலோசாரஸ். டிரம்ஹெல்லரும் கூட்டாளிகளும் அங்கே எடுத்த 2,368 எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 29 சதவீதத்தில் ஊனுண்ணி டைனோசர்களின் கடித்தடம். இது மிக அதிகம். தாவரம் தின்ற பெரிய டைனோசர்களின் எலும்புகளில் மட்டுமல்ல, அலோசாரஸின் எலும்புகளிலும் கடித்தடங்கள். கடித்தது பெரும்பாலும் அலோசாரஸே. உணவு தட்டுப்பட்ட காலத்தில் கிடைத்ததையெல்லாம், எலும்பில் ஒட்டிய கடைசிச் சதைவரை சுரண்டித் தின்றிருக்கின்றன என்பது அவர்களின் கணிப்பு. பிரமிடின் உச்சியில் இருந்தாலும் பஞ்சம் வந்தால் பஞ்சம்தான்.

ஆக, உச்சி என்பது நாற்காலி போட்டு ஒருவரை உட்காரவைத்த இடம் அல்ல. இன்று தின்பவர் நாளை நொண்டினால் வேறொருவருக்கு இரை. தரையில் ராஜாவாக இருப்பவர் தண்ணீர் குடிக்க ஆற்றுக்கு இறங்கினால் அங்கே வேறு ராஜா. உங்கள் சிங்கத்துக்கும் இதே கதைதான். அதன் குட்டியைக் கழுதைப்புலி கொல்லும், புதிதாக வந்த ஆண் சிங்கமும் கொல்லும்.

இப்போது 1991 பேட்ச் மாணவர்களுக்கு.

அந்த நோட்டில் அந்தப் பக்கங்களை எழுதிய அதே பருவத்தில் நம் வகுப்பில் ஒன்று நடந்தது. கல்விச் சுற்றுலாவுக்கு வசூல் செய்த பணம் காணாமல் போனது. காய்ச்சல் என்று டிரில் பீரியடில் வகுப்பிலேயே தங்கியிருந்தவன் ஒரு மாணவன் மட்டும். அவன் சட்டைப் பையில் இரண்டு புது ஐந்து ரூபாய் நோட்டு இருந்தது. அத்தை கொடுத்தது என்றான். நான் கேட்கவில்லை. பணம் இருந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்தான், கையில் பணம் இருந்தது, அது எனக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அவன் அப்பாவை வரச்சொல்லி, உங்கள் எல்லோர் முன்னாலும் பேசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பதினோரு நாள் கழித்து, வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள் அந்தப் பணக் கவர் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே செருகி வைத்தது நான்தான். மறந்துபோனதும் நான்தான். அவனைத் தனியாக ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, "பணம் கெடச்சிடுச்சு, போ" என்றேன். வகுப்பில் சொல்லவில்லை. அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை. பழி சொன்னது நாற்பத்திரண்டு பேர் முன்னால். விடுவித்தது ஒரு மூலையில், மூன்று சொல்லில்.

அவன் நம் குழுவில் இருக்கிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புவதோடு சரி. நேற்று அவனைப் போனில் கூப்பிட்டு, இதை எழுதலாமா என்று கேட்டேன். "விடுங்க சார், முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு" என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதுங்க சார். எங்கப்பா இருந்திருந்தா படிச்சுக் காட்டியிருப்பேன்" என்றான்.

பெயர் சொல்லவில்லை. அன்று வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் எடுக்கவில்லை. நான் வைத்துவிட்டு மறந்தேன். இதை அன்றே உங்கள் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். தம்பி, உன்னிடமும் உன் அப்பாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நோட்டை வைத்திருக்கும் மாணவருக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். சிவப்புப் பேனா எடுத்துக்கொள்ளவும். இடது பக்கத்து வரியை அடித்துவிட்டு இப்படி எழுதவும்: "உச்சியில் உள்ள விலங்கும் மற்றொன்றுக்கு இரையாகலாம். ராவிசூக்கிட்டின் தொடையில் ஃபைட்டோசாரின் பல் கிடைத்துள்ளது." வலது பக்கத்தை அடித்துவிட்டு இப்படி எழுதவும்: "சீலோஃபைசிஸின் வயிற்றில் இருந்தவை முதலை இனத்து எலும்புகள். குட்டிகளின் எலும்புகள் என்று ஆசிரியர் சொன்னது தவறு." கீழே "திருத்தப்பட்டது" என்று எழுதி, இன்றைய தேதி போட்டு, படம் எடுத்துக் குழுவில் போடவும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது நோட்டைக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்